மனநோய்க்கும் ஒருவருடைய சாதி, ஊர், மொழி போன்ற அடையாளங்களுக்கும் தொடர்பு உண்டா?

கல்லூரி விடுதியிலிருந்து பருவத்தின் நடுவிலேயே வீடு திரும்பிவிட்ட உங்கள் தம்பிக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். மூளையில் நிகழும் வேதியியல் மாற்றம்தான் நோய் என்றால், விடுதியில் சாதியை வைத்து ஒதுக்கினார்கள் என்று தம்பி சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது, அது படிக்க முடியாததற்கான சாக்காக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அது சாக்கு அல்ல. மருத்துவர் சொல்வதும் தம்பி சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணானவையும் அல்ல.

அச்சம் ஏற்படும்போது மூளையின் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் உயர்கிறது. ஆபத்து நீங்கியதும் அது தணிய வேண்டும். எது இந்த ஹார்மோனை மிகுதியாக உயர்த்துகிறது என்று அறிய, சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி என்ற இரு ஆய்வாளர்கள் 208 ஆய்வகச் சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து 2004-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். கடினமான கணக்கோ பெரும் சத்தமோ அந்த அளவுக்கு உயர்த்தவில்லை. பிறர் தன்னைத் தாழ்வாக எடைபோடக்கூடும் என்ற நிலையும், அதைத் தன்னால் மாற்ற முடியாது என்ற நிலையும் சேர்ந்து வந்தபோதுதான் உயர்வு மிகப் பெரியதாகவும், தணிவதற்கு நெடுநேரம் பிடிப்பதாகவும் இருந்தது. பிறப்பால் ஒட்டப்பட்ட ஓர் அடையாளத்துக்காக எடைபோடப்படுவது இந்த இரண்டு நிபந்தனைகளையும் நாள்தோறும் நிறைவுசெய்கிறது. தம்பி சொல்லும் அனுபவம் உடலின் வேதியியலுக்குள் நுழையும் ஒரு வழி இது.

இதை நான் நூல்களில் மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனியிலிருந்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகச் சென்னையின் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போனவன் நான். அங்கே யாரும் என்னை அடிக்கவில்லை. நேருக்கு நேர் வசைச்சொல் கேட்டதும் மிக அரிது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லாததால், அதைக் கண்டுபிடிக்கச் சுற்றுவழிகள் இருக்கின்றன. கட்-ஆஃப் எவ்வளவு என்பார்கள். ஊர் எது, ஊருக்குள் எந்தத் தெரு என்பார்கள். குலதெய்வம் எங்கே இருக்கிறது, அப்பா என்ன செய்கிறார் என்பார்கள். ஒவ்வொரு கேள்வியும் தனியாகப் பார்த்தால் நட்பானது. ஆனால் அடுத்த கேள்வி எதுவாக இருக்கும், எந்தப் பதில் எந்தக் கதவை மூடும் என்று கணித்துக்கொண்டே மெஸ்ஸில் சாப்பிடுகிறவனுக்கு உணவின் ருசி தெரியாது. இந்தக் கணிப்பு ஓயாமல் நடந்தது. தூக்கத்தையும் அதுதான் முதலில் கெடுத்தது.

ஒவ்வொரு ஆண்டும், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்கள் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்ற சுற்றறிக்கையை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வாசித்து, பெயர்களையும் படிப்பார்கள். படித்தவர் மனத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இருந்திருக்காது என்றே இன்றும் நம்புகிறேன். ஆனாலும் பெயர் கேட்டு எழுந்து நின்ற பிறகு அன்றைய பாடம் எதுவும் எனக்குள் இறங்கியதில்லை. ஏன் என்பதற்கான விடையைப் பல ஆண்டுகள் கழித்து, கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் நடத்திய சோதனையில் கண்டேன். ஆறாம், ஏழாம் வகுப்பு படிக்கும் சிறுவர்களுக்குக் காகிதத்தில் அச்சிட்ட சிக்கலான வழிப்புதிர்களைக் கொடுத்து, சரியாகப் போட்டால் பணம் தருவதாகச் சொன்னார்கள். யாருடைய சாதியும் அறிவிக்கப்படாதபோது, மேல்சாதிச் சிறுவர்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எல்லோர் முன்னிலையிலும் பெயரையும் சாதியையும் வாசித்துவிட்டு அதே புதிர்களைக் கொடுத்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் போட்டு முடித்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. அறிவிப்புக்கு முன்னும் பின்னும் அவர்களுடைய அறிவு அதே அறிவுதான். சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரவைத்தபோது மேல்சாதிச் சிறுவர்களும் குறைவாகவே போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளர்களின் மனநலத்தை ஆராய்ந்த இலான் மேயர், சிறுபான்மை அழுத்தம் என்ற கோட்பாட்டை 2003-இல் விரிவாக எழுதினார். வெளியிலிருந்து வரும் வன்முறையும் பாகுபாடும் ஒரு பக்கம் இருக்க, புறக்கணிப்பை எதிர்பார்த்தே வாழ்வது, அடையாளத்தை மறைப்பது, சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லும் இழிவைத் தானே நம்பிவிடுவது ஆகிய மூன்றும் உள்ளிருந்து தேய்க்கின்றன என்பது அவருடைய விளக்கம். வேறொரு நாட்டில், வேறொரு அடையாளத்துக்காக எழுதப்பட்டது என்றாலும், அதைப் படித்தபோது எங்கள் விடுதி வராந்தாவை யாரோ நேரில் பார்த்து எழுதியதைப் போலவே உணர்ந்தேன். மூன்றில் மறைப்பதுதான் கொடியது என்பது என் கருத்து. பாகுபாடு நிகழும்போது மட்டும்தான் வலிக்கும். மறைப்பவரோ எதுவும் நிகழாத நாளிலும் காவலிருக்க வேண்டியிருக்கிறது, யாரோடும் முழுமையாக நட்பாக முடிவதில்லை.

கல்வி நிறுவனங்களில் இது ஒருசிலருடைய மிகையுணர்ச்சி அல்ல என்பதற்கு அரசின் ஆவணமே இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியைப் பற்றி விசாரிக்கப் பேராசிரியர் சுக்தேவ் தோரட் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2007-இல் அளித்த அறிக்கை, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் விளையாட்டிலும் உணவுக்கூடத்திலும் ஒதுக்கப்பட்டதைப் பதிவுசெய்தது. அதன் பின்னரும் 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவையும், 2019 மே மாதத்தில் மும்பையில் முதுநிலை மருத்துவ மாணவி பாயல் தட்வியையும் இழந்தோம். ஒரு தற்கொலைக்கு ஒரே காரணம் இருப்பதில்லை. அதைக் காட்டி, அவர்கள் அனுபவித்த சமூக அவமதிப்பைக் காரணங்களின் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

தேய்ப்பது சமூக அனுபவம் என்றால், காப்பாற்றுவதும் அதுவாக இருக்க முடியும். தென் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் பத்தாண்டுக் காலத்து நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2001-இல் வெளியான ஆய்வு, வெள்ளையர் அல்லாத சிறுபான்மையினர் குறைவாக வாழும் வட்டாரங்களில் அவர்களிடையே மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) அதிகமாகவும், தம்மைப் போன்றோர் பலர் வாழும் வட்டாரங்களில் குறைவாகவும் இருந்ததைக் காட்டியது. மரபணு முழுக் காரணம் என்றால் தெருவைப் பொறுத்து நோய் கூடுவதும் குறைவதும் ஏன்? என்னைக் காத்ததும் இத்தகைய கூட்டம்தான். மூன்றாம் ஆண்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி அம்பேத்கரையும் பெரியாரையும் வாசித்த ஒரு மாணவர் வட்டத்தில் சேர்ந்தேன். அங்கே விவாதித்ததில் பாதி இன்று நினைவில் இல்லை. ஆனால் அங்கே யாரும் தெருவைக் கேட்கவில்லை. நானே சொன்னபோது யாருடைய முகமும் மாறவில்லை. வாரத்தில் சில மணி நேரமாவது காவலைக் கீழே இறக்கிவைக்க முடிந்ததும், நெடுநாட்களாக வராத தூக்கம் மெல்லத் திரும்பியது.

சிகிச்சையைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, மாத்திரையை வெறுக்காதீர்கள். சமூகக் காரணத்தால் வந்த நோய் என்பதால் மருந்து பயனற்றதாகிவிடாது. எழுந்து குளிக்கவும் நாலு பேரோடு பேசவும் எனக்குத் தெம்பு வந்ததற்கு மருந்துக்கும் பங்கு உண்டு. மருத்துவரைக் கேட்காமல் அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. இரண்டாவது, ஆலோசகர் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். நான் முதலில் பார்த்தவர் உணவு, உறக்கம், காதல் தோல்வி எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, எனக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்றார். பின்னர் பார்த்த அம்மையார், விடுதியில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கியவன் வெகுநேரம் நிறுத்தவில்லை.

ஆலோசகரின் அணுகுமுறையை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சமூகத்தின் குற்றத்தைப் பாதிக்கப்பட்டவரின் நோயாக எழுதிவைக்கும் பழக்கம் மருத்துவத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதையே ஒரு மனநோய் என்று பெயரிட்டு எழுதினார். தன்பாலீர்ப்பு 1973 வரை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் இருந்தது. நம் நாட்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, ஒருவருடைய சமூக நிலையையோ அவர் சார்ந்த இனம், மதம், பண்பாட்டுக் குழு ஆகியவற்றையோ வைத்து அவரை மனநோயாளி என்று முடிவுசெய்யக் கூடாது என்கிறது. சாதியின் பெயரால் சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதையும் தடுக்கிறது. இவற்றை ஓர் ஆலோசகருக்கு நினைவூட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கல்லூரியிலும் செய்ய வேண்டியது இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டு சமத்துவ விதிமுறைகள், உயர்கல்வி நிறுவனங்களில் சமவாய்ப்பு மையத்தையும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் ஒருவரையும் கோரின. தம்பியின் கல்லூரியில் அந்தப் பொறுப்பில் யார் இருக்கிறார் என்று எழுத்து மூலம் கேளுங்கள். ஆனால் தம்பியைக் கேட்காமல் புகார் கொடுக்காதீர்கள். எந்த வகுப்புக்குத் திரும்ப வேண்டுமோ அந்த வகுப்பில் தன் சாதி மீண்டும் ஒருமுறை உரக்க வாசிக்கப்படுமோ என்று அவர் அஞ்சக்கூடும், அந்த அச்சம் நியாயமானது.

வீட்டில், மற்றவர்களெல்லாம் படிக்கவில்லையா என்ற கேள்வியை யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே என்ன நடந்தது என்று துருவுவதைவிட, அங்கே யார் யாரோடு பேசுவாய், யாரிடம் பேசத் தயங்குவாய் என்று நிதானமாகக் கேட்பது எளிதாக இருக்கும். சொல்லத் தொடங்கினால் இடையில் திருத்தாமல் கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம் என்ற தொனி வந்தாலோ, அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. இரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், நீங்களும் அவருக்காக அழைத்து ஆலோசனை கேட்கலாம்.