சர்ச்சில் தரவு: உங்கள் கருவி கெடவில்லை

கனடாவில் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சர்ச்சில் ஊர்ப் பக்கம், வெப்பமும் நீராவியும் அளக்கும் இரண்டு கோபுரங்களின் மே மாதத் தரவில், ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) காட்டின் நிகரக் கதிர்வீச்சு (வந்ததில் திரும்பிப் போனது போக மிஞ்சுவது) மரமற்ற தூந்திராவைவிட மிக அதிகம், ஆனால் ஆவியாதல் சொற்பம், கருவி பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை என்றே தோன்றுகிறது.

தூந்திராவில் பனி திறந்து கிடக்கிறது. விழும் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். காட்டில் அதே பனி மரங்களுக்கு அடியில். கரிய ஊசியிலைகள் வெயிலை விழுங்குவதால் எதிரொளிப்பு (விழும் வெயிலில் திரும்பும் பங்கு) 0.2-ஐ ஒட்டியே நிற்கும். இதில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரி, பனி மூடிய காட்டுக்கு 0.8 வரை கொடுத்து, வசந்தகால வெப்பநிலையை மிகக் குறைவாகக் கணித்து வந்தது. கனடாவின் வடக்குக் காடுகளில் நடந்த போரியாஸ் (BOREAS) என்ற கள ஆய்வின் அளவீடுகளுக்குப் பிறகு, 1996-ல்தான் திருத்தினார்கள்.

விழுங்கிய வெப்பம் ஆவியாதலுக்குப் போகாததற்குக் காரணம் வேர். மண் உறைந்திருக்கிறது, நீர் ஏறாது, இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். மிச்சமெல்லாம் காற்றைச் சூடாக்கத்தான். பனி உருகியதும் தூந்திரா தலைகீழ், ஆவியாதல் தாராளம்: அடியில் நிரந்தர உறைமண், நீர் வடிய வழியில்லை, பாசிக்கோ மூடிக்கொள்ள இலைத்துளையே கிடையாது.

வந்த ஆற்றல் எங்கெங்கே போனது என்ற சமநிலைக் கணக்கில் பனி உருகலைச் சேர்த்தீர்களா? 100 மி.மீ. நீருக்குச் சமமான பனி உருக, சதுர மீட்டருக்குச் சுமார் 33 மெகாஜூல் வேண்டும். அப்புறம் தரவைக் காற்றுத் திசைவாரியாகப் பிரியுங்கள். ஹட்சன் விரிகுடாவில் ஜூனிலும் பனிக்கட்டி இருக்கும். அங்கிருந்து வரும் குளிர்காற்றில் உணர்வெப்பப் பாய்வு (தரையிலிருந்து காற்றைச் சூடாக்கப் போகும் வெப்பம்) கூடி, ஆவியாதல் குறையும். எல்லாத் திசையையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒன்றும் பிடிபடாது.