ஒரு மாத்திரையின் எடை

தட்டும் தராசும்: வாசகர் கேள்வி பதில்
பதிலளிப்பவர், மதுரையில் 24 ஆண்டுகளாக உணவு ஆலோசனை வழங்கிவரும் உணவியல் நிபுணர்

கேள்வி: எனக்கு வயது 27. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். பயிற்சியாளர் எழுதிக் கொடுத்த பட்டியல் இது: காலையில் ஓட்ஸ் 40 கிராம், ஆறு முட்டையின் வெள்ளைக்கரு, மதியம் 200 கிராம் கோழி நெஞ்சுக்கறி, அரைக் கிண்ணம் சோறு, மாலையில் வே புரோட்டீன், இரண்டு மேசைக்கரண்டி பீநட் பட்டர், இரவு மறுபடியும் கோழி. பழத்தில் சர்க்கரை இருப்பதால் கொழுப்பு கரையாது, காய்கறிக்குப் பதிலாகத் தினமும் ஒரு மல்டிவிட்டமின் மாத்திரை போதும் என்கிறார். டப்பாவில் 23 சத்துகளின் பெயர் இருக்கிறது. பலவற்றுக்கு எதிரே 100 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஊருக்குப் போனால் அம்மா கீரையை வைத்துக்கொண்டு சண்டைக்கு வருகிறார். யார் சொல்வது சரி? (கொஞ்ச நாளாக மலச்சிக்கல் இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?)
— வாசகர், ஓசூர்

பதில்: முக்கியமான விஷயத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதுவது நம் ஆண்களின் வழக்கம். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் பட்டியலில் உள்ள நார்ச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஓட்ஸில் 4 கிராம், பீநட் பட்டரில் 2, அரைக் கிண்ணம் வெள்ளைச் சோற்றில் ஒன்றுக்கும் கீழே. முட்டை, கோழி, புரோட்டீன் பொடி மூன்றிலும் ஏறக்குறைய பூஜ்யம். ஆக மொத்தம் 7 கிராம் தேறினால் அதிகம். ஒரு நாளைக்கு 30 கிராமாவது வேண்டும். குடல் பாவம், எதை வைத்துத் தள்ளும்? மலச்சிக்கலுக்கும் இதற்கும் தொடர்பு நிச்சயம் உண்டு.

போன மாதம் உங்கள் வயதில் ஓர் இளைஞர் வந்திருந்தார். ஜிம் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து, வழக்கில் சான்றுப் பொருளை வைப்பதுபோல் என் மேசைமேல் வைத்தார். அங்கே சமையலறைத் தராசு ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு மாத்திரையை அதில் போடச் சொன்னேன். தராசு 1 என்றது, பிறகு 2 என்றது, மனம் மாறி மறுபடியும் 1 என்றது. மாத்திரையை எடுத்துவிட்டுக் காலையில் வாங்கிய கொய்யாவை வைத்தேன்: 168 கிராம். “இதை அதற்குள் எப்படி அடைத்தார்கள், சொல்லுங்கள் தம்பி” என்றேன். சிரித்தார். பிறகு டப்பாவைத் திருப்பி, முதல் முறையாக அதன் பின்பக்கத்தைப் படித்தார்.

வைட்டமின்களை அடைப்பது எளிது, ஏனென்றால் நமக்கு அவை துளித் துளியாகத்தான் தேவை. ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு வைட்டமின் சி 80 மில்லிகிராம். பி12 அதைவிடவும் சொற்பம், மைக்ரோகிராம் கணக்கு. ஆனால் பொட்டாசியம் 3,500 மில்லிகிராம் வேண்டும். அதாவது மூன்றரை கிராம். மாத்திரையின் மொத்த எடையைவிட அதிகம். ஆகவே பெரும்பாலான மல்டிவிட்டமின்களில் பொட்டாசியம் இருப்பதே இல்லை. இருந்தாலும் 100 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 350 மில்லிகிராம் இருக்கிறது. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு வாழைத் தாரை வாங்கிவிட வேண்டாம், அவர்களுக்குப் பொட்டாசியக் கணக்கே வேறு.) நாருக்கும் இதே கதைதான். டப்பாவில் 100 சதவீதம் என்று போட்டிருப்பது பொய்யில்லை. எவற்றையெல்லாம் உள்ளே வைக்க முடிந்ததோ அவற்றுக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள்.

‘பழத்தில் சர்க்கரை’ என்ற வாதத்துக்கு வருகிறேன். நூறு கிராம் கொய்யா 70 கலோரிக்குள் அடங்கும். அதோடு 5 கிராம் நாரும், 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சியும் கிடைக்கும். இரண்டு மேசைக்கரண்டி பீநட் பட்டர் 190 கலோரி. அது உங்கள் பட்டியலில் தடையின்றி உட்கார்ந்திருக்கிறது, கொய்யா மட்டும் வாசலில் நிற்கிறது. பயிற்சியாளர் பளு தூக்கக் கற்றுக்கொடுப்பதில் கெட்டிக்காரராக இருக்கலாம். இந்த விஷயத்தில் அவர் கணக்கு இடிக்கிறது.

மாத்திரை போட ஆரம்பித்ததும் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறதா? அது ‘வேலை செய்வதற்கு’ அடையாளம் என்று ஜிம் வட்டாரத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். அது ரைபோஃபிளேவின், அதாவது பி2. உடல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழிக்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நிறம்.

உடற்பயிற்சி செய்கிறவர் என்பதால் உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆன்டிஆக்சிடன்ட் (ஆக்சிஜனால் செல்களில் உண்டாகும் சிதைவைத் தடுக்கும் பொருள்) கூடினால் நல்லது என்று மல்டிவிட்டமினோடு சி, ஈ மாத்திரைகளையும் தனியே விழுங்கும் பழக்கம் பரவியிருக்கிறது. 2009-ல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு செய்தார்கள். இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, ஒரு பிரிவினருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் சியும் 400 யூனிட் ஈயும் கொடுத்தார்கள். உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் அல்லவா? மாத்திரை எடுக்காதவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரிந்தது, எடுத்தவர்களிடம் தெரியவில்லை. பயிற்சியின்போது தசையில் எழும் சிறு அழுத்தம்தான் உடலைத் தன்னைத் திருத்திக்கொள்ளச் சொல்லும் செய்தி. அந்தச் செய்தி போய்ச்சேரும் முன்பே மாத்திரை அதை அழித்துவிட்டது என்பது அவர்கள் தந்த விளக்கம். மாத்திரையில் இடம்பெறாத பொருள்களுக்கும் உடற்பயிற்சியில் பங்கு உண்டு. பீட்ரூட்டிலும் கீரையிலும் உள்ள நைட்ரேட் அப்படிப்பட்டது. ஒரே வேலையைக் குறைந்த ஆக்சிஜனில் செய்யத் தசைக்கு உதவுகிறது.

நீங்கள் புகைபிடிப்பவரா என்று எழுதவில்லை. பிடிப்பவர் என்றால் டப்பாவில் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். கேரட்டுக்கு நிறம் தரும் பொருள் அது. கேரட் தின்றால் நல்லது, ஆகவே அதிலுள்ள சரக்கை மட்டும் பிரித்துக் கொடுத்தாலும் நல்லது என்ற நம்பிக்கையில், பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. அவர்களுக்குக் கொடுத்தது தினமும் 20 மில்லிகிராம், உங்கள் மாத்திரையில் அவ்வளவு இருக்காது. ஆனாலும் புகைப்பவர்கள் இந்த மாத்திரையைத் தவிர்ப்பதே நல்லது. கேரட்டைத் தவிர்க்க வேண்டாம்.

மல்டிவிட்டமின் சுத்த வீண் என்றும் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த ஆண் மருத்துவர்கள் 14,641 பேரைப் பதினோரு ஆண்டுகள் கவனித்தார்கள். மல்டிவிட்டமின் எடுத்தவர்களிடம் புற்றுநோய் 8 சதவீதம் குறைவு; மாரடைப்பில் வித்தியாசம் இல்லை. சிறிய லாபம்தான், ஆனாலும் லாபம். வாங்கிய டப்பாவை முடித்துவிடுங்கள். கொய்யாவின் நாற்காலியில் மட்டும் அதை உட்காரவைக்காதீர்கள்.

சரி, எவ்வளவு சாப்பிடுவது? 1918-ல் குன்னூரில் ஒற்றை அறையில் பிறந்து இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் நாளுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் சொல்கிறது. 400 என்றதும் மலைக்காதீர்கள். நேற்று 310 கிராம் அரைக்கீரைக் கட்டு ஒன்றை ஆய்ந்தேன். வேரும் தடித்த தண்டும் போக 190 நின்றது. வெந்ததும் ஒரு கிண்ணம்கூட நிறையவில்லை. அதுவே கிட்டத்தட்டப் பாதிக் கணக்கு.

அறையில் சமைக்க முடியாது என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். ஓசூரிலிருந்துகொண்டு காய்க்கு வழியில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சுற்றுப்புறமெல்லாம் காய்கறி விளையும் ஊர். இரவு ஷிப்ட் முடிந்து வரும் நேரத்தில் உழவர் சந்தை திறந்திருக்கும். வெள்ளரி, தக்காளி, கேரட் மூன்றும் கழுவினால் போதும், அடுப்பே வேண்டாம். மின்சார ரைஸ் குக்கர் இருந்தால், சோறு வேகும்போதே மேல்தட்டில் பீன்ஸையும் முட்டைக்கோஸையும் நறுக்கி வைத்துவிடுங்கள். மெஸ்ஸில் சாப்பிடும் நாளில் இரண்டாம் முறை சோற்றுக்குப் பதில் பொரியல் கேளுங்கள். முதல் வாரம் பரிமாறுபவர் முறைப்பார், பிறகு பழகிவிடுவார். கோழியையும் முட்டையையும் குறைக்கச் சொல்லவில்லை. ஜிம் முடிந்ததும் ஒரு வாழைப்பழம், இரவு வேலைக்குப் போகும்போது பையில் ஒரு கொய்யா. நாரை ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும். இரண்டு வாரத்தில் மெல்ல ஏற்றி, தண்ணீரையும் கூட்டுங்கள். அதன் பிறகும் மலச்சிக்கல் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: கீரை வெந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் ரசத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பி வகை வைட்டமின்களும் சியும் நீரில் கரைபவை. மற்றபடி சண்டையில் நான் அவர் பக்கம்.

கேள்வி: 46 வயது இல்லத்தரசி. பிறந்ததிலிருந்து சைவம். தினமும் ஒரு மணி நேர நடையும் யோகாசனமும் உண்டு. காலையில் பழம், மதியம் இரண்டு காய், வாரத்தில் நான்கு நாள் கீரை. இப்படிச் சாப்பிடும் எனக்கு மாத்திரையே தேவைப்படாது அல்லவா? பாலும் தயிரும் ஒத்துக்கொள்ளாததால் நிறுத்திவிட்டேன். கால் விரல்களில் மதமதப்பு இருக்கிறது.
— வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: ஓசூர்க்காரருக்கு எழுதியதைப் படித்துவிட்டு ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று நினைத்துவிடாதீர்கள் அம்மா. உங்களுக்கு என் பதில் நேர்மாறானது. பி12 செடிகொடிகளில் கிடையாது. எத்தனை கட்டுக் கீரை ஆய்ந்தாலும் வராது. சைவர்களுக்கு அது வரும் வழியே பாலும் தயிரும் மோரும்தான். அந்தக் கதவையும் மூடிவிட்டீர்கள். ஸ்பைருலினா என்ற பாசி மாத்திரையில் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அதிலுள்ளது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத வடிவம்.

மதமதப்பை நடையின் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். பி12 குறைந்தால் நரம்பு அடிபடும். நாள் தள்ளினால் முழுதும் மீளாமல் போகவும் கூடும். இந்த வாரமே மருத்துவரிடம் போய் பி12 அளவைப் பாருங்கள், கூடவே சர்க்கரையையும் வைட்டமின் டியையும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள். அது பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். மாத்திரையா ஊசியா என்பதை அவர் முடிவு செய்வார். நீங்களாக மல்டிவிட்டமின் வாங்க வேண்டாம். குறைபாட்டைச் சரிசெய்ய அதிலுள்ள பி12 போதாது.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் ஜிம்முக்குப் போகிறாள். முடி வளர்வதற்கென்று மிட்டாய்போல் இருக்கும் வைட்டமினைத் தினமும் மெல்கிறாள். இந்த மாதம் எடுத்த தைராய்டு பரிசோதனை முடிவு வினோதமாக வந்திருக்கிறது. ஆளைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. மருந்து தொடங்கலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: தொடங்கும் முன் அந்த மிட்டாய் டப்பாவில் ‘பயோட்டின்’ (பி வகை வைட்டமின்களில் ஒன்று) எவ்வளவு என்று பாருங்கள். நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 30, 40 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்பவற்றில் 5,000, 10,000 என்று இருக்கும். சில ஆய்வகக் கருவிகள் பயோட்டினை வைத்தே அளவெடுப்பதால், இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் தைராய்டு முடிவு தாறுமாறாகும். மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் சோதனையே பிசகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்தது. மிட்டாயைக் குறைந்தது இரண்டு நாள் நிறுத்தி, மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, மறுபடியும் இரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மல்டிவிட்டமினைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா, பின்பா?
— வாசகர், காரைக்குடி

பதில்: பின்பு. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. வயிற்றில் எண்ணெயோ நெய்யோ இருக்கும்போது போனால் நன்றாகச் சேரும். டீக்கு ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள், மாத்திரையிலுள்ள இரும்பு உடலில் சேர்வதை அது கெடுக்கும். ஒரு மணி நேரம் காரைக்குடியில் டீ இல்லாமல் இருக்க முடியாது என்றால், மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.