ட்ரைக் பிரேக்கில் காற்று எங்கே மாட்டிக்கொள்கிறது?

ஒரு வாசகரின் கேள்வி: "என் பைக்கை ட்ரைக்காக (மூன்று சக்கர வண்டியாக) மாற்றி ஓட்டுகிறேன். பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். பேடும் ஹோஸும் புதிதாகப் போட்டேன். மூன்று முறை பிளீடிங் (பிரேக் லைனிலிருந்து காற்றை வெளியேற்றுவது) செய்துவிட்டேன். ஆனாலும் முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது, மூன்றாவது மிதியில்தான் கெட்டியாகிறது. மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டுமா?"

இப்போதைக்கு வேண்டாம். மிதிக்க மிதிக்கக் கெட்டியாகும் பெடல் பெரும்பாலும் காற்றின் வேலை. மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்ததும் ஆயிலை லைனுக்குள் தள்ளும் பகுதி) உள்சீல் தேய்ந்திருந்தால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும்: அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் பெடல் மெல்ல மெல்லக் கீழே போகும். எங்காவது ஆயில் கசிந்தாலும் இப்படித்தான். அதனால் முதலில் எல்லா இணைப்புகளையும் துணியால் துடைத்து, ஈரம் வருகிறதா என்று பாருங்கள்.

காற்றுதானா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து மேலே லேசாக வைத்துவிடுங்கள். இன்னொருவர் பெடலை வேகமாகப் பத்துப் பதினைந்து முறை மிதித்து, அழுத்திப் பிடித்து, சட்டென்று விடட்டும். மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால், உள்ளே காற்று இருக்கும் பட்சத்தில் ஆயில் ஊற்று போல எழும்பும். நெருக்கப்பட்ட காற்று விரிந்து ஆயிலைத் திருப்பித் தள்ளுவதால் வருவது அது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முகத்தை டப்பாவுக்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

சரி, மூன்று முறை செய்தும் ஏன் போகவில்லை? இரண்டு சக்கர பைக்கில் பின் பிரேக் ஹோஸ் குட்டையானது. ட்ரைக்கில் லைன் சட்டத்தை ஒட்டி நீளமாகப் பின்னால் போய், அச்சின் மேல் ஏறி, ஒரு டி-இணைப்பில் இரண்டாகப் பிரிந்து, மறுபடி இறங்கிக் காலிப்பருக்கு (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) போகிறது. காற்று எப்போதும் மேட்டில்தான் தங்கும். ஒரு மிதியில் நகரும் ஆயில் மிகக் கொஞ்சம். குமிழி அந்த மிதியில் இறக்கத்தில் சற்று முன்னே போகும், நீங்கள் நிறுத்தியதும் மிதந்து பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இப்படி அரை டப்பா ஆயிலைத் தீர்த்தாலும் அது அங்கேயே இருக்கும்.

இதற்கு நான் நம்புவது கீழிருந்து மேலே ஆயில் ஏற்றுவதைத்தான். ஒரு பெரிய சிரிஞ்சில் புது ஆயில் நிரப்பி, அதன் காற்றை வெளியேற்றி, டியூபைக் காலிப்பர் நிப்பிளில் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) மாட்டி, நிப்பிளைத் திறந்து சீராக உள்ளே தள்ளுங்கள். காற்றும் மேலே போகத்தான் விரும்புகிறது, ஆயிலும் அதே திசையில் போகிறது. டப்பாவில் முதலில் நுரை மாதிரி பொடிக் குமிழிகள், அப்புறம் ஒன்றிரண்டு பெரிய குமிழிகள், பிறகு சுத்தமான ஆயில் வரும். டப்பா நிரம்பி வழியாமல் அவ்வப்போது உறிஞ்சி எடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். பட்டவுடன் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இதைத் தொடங்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்கிறதா? நானே ஒருமுறை இரண்டு மணி நேரம் போராடிய பிறகுதான் இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்ததைக் கவனித்தேன். பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும், சரியாகப் பொருந்தவும் செய்யும். ஆனால் நிப்பிள் அடிப்பக்கம் வந்துவிடும், காற்று மேலே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். உங்கள் அமைப்பிலேயே நிப்பிள் சாய்ந்து இருந்தால், காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் கனத்துக்கு ஒரு மரத்துண்டை வைத்து, நிப்பிள் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு காற்றெடுங்கள். மரத்துண்டு இல்லாமல் மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

கடைசியாக வழக்கமான முறையில் ஒரு சுற்று வையுங்கள். தூரத்துச் சக்கரம் முதலில். டியூபின் மறுமுனை ஆயிலில் மூழ்கியிருக்கட்டும். பெடலை மிதித்தபின் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, பெடலை விடும் முன்பே மூடுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டராக இருந்தால் பெடல் அடிவரை போகாதபடி கீழே ஒரு கட்டை வையுங்கள். வழக்கமாகத் தொடாத, துருவேறிய பகுதியில் சீல் உரசினால் நன்றாக இருந்த சிலிண்டரும் கெட்டுவிடும். வாக்யூம் பம்ப் வைத்து இழுப்பவர்கள் டியூபில் முடிவில்லாமல் குமிழி வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று நுழைவதாலும் அப்படி வரும். மாஸ்டர் சிலிண்டரோடு ஹோஸை இணைக்கும் பேஞ்சோ போல்ட் அருகிலும் காற்று மாட்டும். துணி சுற்றி, பெடலை அழுத்தியபடி போல்ட்டை லேசாகத் தளர்த்தி உடனே இறுக்குங்கள். ஹோஸ் மாற்றியபோது செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டீர்களா? பழையதையே மறுபடி போட்டால் கசியலாம்.

ஏபிஎஸ் இருந்தாலோ, முன் லீவரும் பின் பெடலும் இணைந்து வேலை செய்யும் பிரேக்காக இருந்தாலோ, நான் சொன்ன வரிசை பொருந்தாமல் போகலாம். சில ஏபிஎஸ் யூனிட்டுகளுக்குள் இருக்கும் காற்று ஸ்கேன் கருவி இல்லாமல் வெளியே வராது. அங்கே வண்டியின் மேனுவலும் ட்ரைக் கிட்டின் மேனுவலும் சொல்வதைச் செய்யுங்கள்.

பேட் மாற்றியதாகச் சொன்னதால் இன்னொரு சந்தேகம். ட்ரைக்குகளில் கார் காலிப்பர் போடுவது உண்டு, அவற்றில் பார்க்கிங் பிரேக் உள்ளேயே இருக்கலாம். அந்த வகையில் பல காலிப்பர்களின் பிஸ்டனைச் சுழற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும், வெறுமனே அழுத்தக் கூடாது. பேட் மாற்றியபின் பார்க்கிங் லீவரைப் பலமுறை இழுத்துவிட்டால்தான் இடைவெளி சரியாகும். இது நடக்காவிட்டால் காற்றே இல்லாமலும் முதல் மிதி ஆழமாகப் போகும்.

ஆயில் விஷயத்தில் டப்பா மூடியில் எழுதியிருப்பதே கணக்கு. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 சிலிக்கான், 5.1-இன் அண்ணன் தம்பி அல்ல, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி, சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 155 ஆகிவிடுகிறது. கிளைகால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நீண்ட இறக்கத்தில் அந்த ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் திடீரென்று காலியாக இறங்கும். ட்ரைக்கின் எடையில் பெரும்பகுதி பின்னால் இருப்பதால் பின் பிரேக் பைக்கைவிட அதிகம் உழைக்கிறது. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள், திறந்து கிடந்த பாட்டிலைப் பயன்படுத்தாதீர்கள்.

அதோடு காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின்களைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். ஒரு பக்கம் பின் இறுகினால் ட்ரைக் பிரேக் பிடிக்கையில் ஒரு பக்கமாக இழுக்கும். ஓட்டி நிறுத்தியதும் இரண்டு பின் டிஸ்க்குகள் அருகேயும் தொடாமல் கையைக் காட்டினாலே எது கூடுதலாகக் கொதிக்கிறது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்து, ஊற்றுச் சோதனையில் ஆயில் எழும்பாமல் இருந்தும் பெடல் நீளமாகவே இறங்கினால், அப்போது மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். அதுவும் பழுது என்பதற்காக அல்ல, அளவுக்காக. ஒரு சின்னக் காலிப்பருக்காகச் செய்த சிலிண்டர் இரண்டு பெரிய காலிப்பர்களுக்குப் போதிய ஆயிலை ஒரே மிதியில் தள்ளாது. கிட் தயாரித்தவர் சொல்லும் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அளவோடு உங்களுடையதை ஒப்பிட்டு, குறைவாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள். தேவைக்கு மேல் பெரியது போட்டால் பெடல் கல் போலாகிவிடும், அதே பிடிப்புக்குக் காலில் இரண்டு மடங்கு பலம்கூட வேண்டியிருக்கலாம்.