பட்டப்பகலில் தள்ளாடும் பொசம்: கறவை மாடுகளுக்குக் காசநோய் வருமா?

கேள்வி: நியூசிலாந்தின் தென் தீவில், மேற்குக் கரைப் பகுதியில் காட்டை ஒட்டிக் கறவைப் பண்ணை நடத்துகிறேன். சென்ற வாரம் நண்பகலில் ஒரு பொசம் (பூனையளவுள்ள, வயிற்றுப்பையில் குட்டியை வளர்க்கும் மரவாழ் விலங்கு) மேய்ச்சல் நிலத்தில் தள்ளாடி வந்து விழுந்தது. மாடுகள் அதைச் சூழ்ந்து நின்று மோந்தும் நக்கியும் பார்த்தன. இதனால் கேடு உண்டா? இந்த விலங்கை ஒழிக்க என்ன வழி?

பதில்: கேடு உண்டு, தாமதிக்காமல் உங்கள் கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள். தூரிகைவால் பொசம் இரவில் நடமாடி, பகலில் மரப்பொந்தில் உறங்கும் விலங்கு. அது பகலில் திறந்த வெளிக்கு வந்து தடுமாறினால், காசநோய் முற்றிய நிலையில் இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். நோயுற்ற பொசத்தின் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டி, அது உடைந்து சீழ் வடியும். அந்தச் சீழில் மைக்கோபாக்டீரியம் போவிஸ் கிருமி ஏராளமாக இருக்கும். புதிய பொருளைக் கண்டால் மோந்து பார்ப்பது மாட்டின் இயல்பு என்பதால் தொற்று எளிதில் ஏறிவிடுகிறது. இக்கிருமி மனிதரையும் தாக்கும். ஆகவே செத்த பொசத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், அறுத்தும் பார்க்காதீர்கள். மாட்டின் வாலடித் தோலில் ஊசி போட்டு மூன்றாம் நாள் வீக்கம் பார்க்கும் சோதனையை எப்போது செய்வது என்பதை மருத்துவர் சொல்வார்.

ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இந்தப் பைப்பாலூட்டி, மென்மயிர் வணிகத்துக்காக 1837 முதல் இங்கே கொண்டுவரப்பட்டு, 1858இல் நிலைபெற்றது. அங்கே அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. இங்கேயோ அதை அடக்கும் இயற்கைப் பகை இல்லாததால் ராட்டா, காமாஹி மரங்களின் தளிரை மொட்டையடிப்பதோடு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. மேற்குக் கரையில்தான் 1967இல் பொசத்திடம் காசநோய் முதலில் கண்டறியப்பட்டது.

ஒழிப்பு முறையைத் திட்டமிட அதன் இனப்பெருக்கத்தை அறிந்திருக்க வேண்டும். கருக்காலம் 17, 18 நாள்தான். பிறக்கும்போது குட்டி பட்டாணி அளவே இருக்கும். பையில் நான்கைந்து மாதம் வளர்ந்து, பிறகு தாயின் முதுகேறித் திரியும். பெரும்பாலும் இலையுதிர் காலத்தில், ஈற்றுக்கு ஒரே குட்டி. எலியைப் போல் பெருகாத இனம் என்பது நமக்குச் சாதகம். ஆனால் நீங்கள் காலி செய்த இடத்துக்கு இளம் ஆண் பொசங்கள் பல கிலோமீட்டர் தாண்டி வந்து குடியேறும். அதனால்தான் கண்ணில் பட்டதை மட்டும் சுடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 100 பொறிகளை ஓர் இரவு வைத்தால் இரண்டுக்கு மேல் சிக்காத அளவுக்கு எண்ணிக்கையைக் குறைத்து, பல ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தால், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவ வழியின்றிப் பொசங்களிடையே நோய் தானாகவே அற்றுப்போகும்.

உங்கள் பண்ணைக்குக் காட்டோர வேலியை ஒட்டிப் பொறி வரிசை அமைப்பதே முதல் வேலை. தலையை நுழைத்ததும் நெரித்துக் கொல்லும் மஞ்சள் நிற டிம்ஸ் பொறியில் ஆப்பிள் துண்டின் மேல் இலவங்கப்பட்டைப் பொடி தூவி வையுங்கள். காலைப் பிடிக்கும் பொறியானால், சூரியன் உதித்து 12 மணி நேரத்துக்குள் நாள்தோறும் பார்த்தாக வேண்டும், அது சட்டம். சிக்கியது பெண்ணாக இருந்தால் கையுறையுடன் பையைத் திறந்து பாருங்கள். உள்ளே குட்டி உயிரோடு இருந்தால் அதையும் வதையின்றி முடித்துவிட வேண்டும். வெகா போன்ற, பறக்க முடியாத பறவைகள் உள்ள இடத்தில் பொறியைத் தரையில் வைக்காமல் மரத்தில் உயர்த்திப் பொருத்துங்கள்.

நஞ்சு வைப்பதானால், சயனைடையும், 1080 எனப்படும் சோடியம் ஃபுளோரோஅசிட்டேட்டையும் உரிமம் பெற்றவர்தான் கையாள முடியும். 1080 நீரில் கரைந்து, மண்ணின் நுண்ணுயிரிகளால் சிதைந்துவிடும். ஆயினும் அதைத் தின்று செத்த பொசத்தை நாய் கடித்தால் பிழைப்பது அரிது. எனவே அப்பகுதியில் நாயை அவிழ்த்துவிடக் கூடாது. நஞ்சிடுமுன் நஞ்சில்லாத அதே இரையை வைத்துப் பழக்கினால், ஐயப்படாமல் தின்னும். காட்டில் தீனி குறையும் குளிர்காலமே இதற்கு ஏற்றது.

காடு முழுவதற்குமான ஒழிப்புப் பணி எப்போது நடக்கும் என்பதை, காசநோய் ஒழிப்பை நடத்தும் ஆஸ்ப்ரி அமைப்பிடம் கேட்டு, அக்கம்பக்கத்துப் பண்ணையாரும் நீங்களும் அதே சமயத்தில் பொறி வையுங்கள். பணி முடிந்ததும் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய கடி அட்டைகளை (விலங்கு கடித்தால் பல் தடம் பதியும் அட்டைத் துண்டுகளை) மரங்களில் அறைந்து ஒரு வாரம் விட்டால், மீதமுள்ள பொசம் எங்கே நடமாடுகிறது என்பதைப் பல் தடம் காட்டிவிடும்; அந்த இடங்களுக்கே பொறிகளை மாற்றுங்கள்.