நீலகிரியில் சம்பளமில்லாமல் முழுநேர ஊழியத்துக்கு இறங்கும் குடும்பம், தேவைகளைக் கர்த்தர் சந்திப்பார் என்று நம்பி எப்படிக் காலம் தள்ளுவது?

முதலில் கணவனும் மனைவியும் ஒன்றை முடிவு செய்யுங்கள். தேவையை மனுஷரிடம் சொல்வீர்களா, மாட்டீர்களா? இரண்டுக்கும் வேதத்தில் இடமுண்டு. எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் கொரிந்து சபையிடம் வெளிப்படையாகவே கேட்டார் (2 கொரிந்தியர் 8, 9). தம் செலவுக்குக் கூடாரத் தொழில் செய்தார், பிலிப்பியர் அனுப்பியதையும் வாங்கிக்கொண்டார். இங்கிலாந்தில் பிற்காலத்தில் அநாதை இல்லங்கள் நடத்திய போதகர் ஜார்ஜ் முல்லர் 1830-இல் சம்பளத்தை விட்டவர். தேவனிடம் மட்டுமே சொல்வது என்று இருந்தார்.

சிக்கல் நடுவில் நிற்பவர்களுக்குத்தான். "யாரிடமும் கேட்பதில்லை" என்று மேடையில் சாட்சி சொல்லிவிட்டு, வாட்ஸ்அப்பில் "ஸ்கூல் பீஸ் 18,000, வெள்ளிக்கிழமை கடைசி நாள், ஜெபியுங்கள்" என்று போடுவது. அது ஜெபக்குறிப்பு இல்லை, பில். 1841 டிசம்பரில் கையில் காசு வற்றியிருந்த நேரத்தில் முல்லர் தம் வருடாந்தரக் கூட்டத்தையும் அறிக்கையையும் தள்ளிவைத்தார். அப்போது வெளியிட்டால் சாடையாகக் கேட்டதாகிவிடுமே என்றுதான்.

எந்த வழியானாலும் கடன் வேண்டாம். மலையில் அது பெரும்பாலும் மளிகைக் கடைப் பற்று நோட்டில் ஆரம்பிக்கும். அதை அடைக்கக் கைமாற்று, கைமாற்றை அடைக்க வாரக்குழு லோன். அந்தத் தவணைக்குக் காணிக்கை போகத் தொடங்கினால் கொடுத்தவர்கள் காதுக்கு எப்படியும் போய்விடும். நோட்டு போடாதீர்கள். கையில் இருக்கிற காசுக்கு அரிசி வாங்குங்கள்.

அடுத்து, மலையின் வருஷக் கணக்கு. சிறு விவசாயிகளுக்குப் பச்சைத் தேயிலைப் பணம் மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். காணிக்கைப் பெட்டியும் அதன் பின்னாலேயே நடக்கும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் கொழுந்து கருகினால் அடுத்த சில வாரங்கள் பெட்டி லேசாகத்தான் இருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூலை மழையில் தினக்கூலிக்காரர்களுக்குப் பல நாள் வேலை இருக்காது. பள்ளிச் செலவோ ஜூனிலேயே வந்து நிற்கும். அறுப்பின் பண்டிகையிலும் கிறிஸ்துமஸிலும் கூடுதலாக வருவதை அந்த மாதங்களுக்கென்று எடுத்து வையுங்கள். இதை அவிசுவாசம் என்பவர்கள், யோசேப்பு எகிப்தில் பஞ்சத்துக்கென்று நிரப்பிய களஞ்சியங்களைப் பற்றிப் படிக்காதவர்கள்.

கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் சொல்லாமலே வாசலுக்கு வரும். வாடகை அப்படி வராது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு இறங்கும் செலவும் வராது. அதனால் ரொக்கமாக வருவதில் தசமபாகம் போக வாடகையை முதலில் ஒதுக்குங்கள், வீட்டுச் செலவு அதற்குப் பிறகு. வாடகை ஒப்பந்தம் ஏப்ரல், மே மாதத்தில் முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சீசனில் வீட்டைச் சுற்றுலாக்காரருக்கு விடத்தான் உரிமையாளர் மனம் போகும்.

மனைவி வேலைக்குப் போனால் தடுக்காதீர்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் சேர்ந்தே கூடாரம் செய்தவர்கள் (அப்போஸ்தலர் 18).

காணிக்கையை எப்போதும் இரண்டு பேராக எண்ணுங்கள். இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஊழியப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. வெளிநாட்டு நண்பர் ஊழியத்துக்கென்று உங்கள் சொந்தக் கணக்கில் பணம் போட விடாதீர்கள். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில். வாங்கியதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவதையும் அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் தடை செய்துவிட்டது. "நம்ம ட்ரஸ்ட் வழியா அனுப்பிக்கலாம் பிரதர்" என்று யாராவது வந்தால், முதலில் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.