உபின் கிணறு

அன்புள்ள அக்கா,

சாங்கி பற்றிய கட்டுரையில், அதற்கு எதிரே இருக்கும் சிங்கப்பூரின் சிறு தீவைப் பற்றி ‘புலாவ் உபினில் முகாம் போட்டோம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். என் மகள் உயர்நிலை 1. இந்த ஜூன் விடுமுறையில் அவளுக்கு அங்கே மூன்று நாள் முகாம். கொசு, இருட்டு, கூடாரம் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுவீர்களா?

ஒரு தாய், ஈசூன்

அன்புள்ள தங்கைக்கு,

தாராளமாக அனுப்புங்கள்.

1984-இல் நானும் உயர்நிலை 1தான். தோ பாயோ அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள். சாங்கியில் பம்போட் என்ற சிறு மோட்டார் படகில் ஏறினோம். 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், இன்றைக்கும் அதே கணக்குதான். இறங்கினால் செம்மண் பாதை, தகரக் கூரை போட்ட கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகள், வாசலெல்லாம் கோழிகள். கல் குவாரிகள் அப்போது ஓடிக்கொண்டிருந்தன. கடைசிக் குவாரி 1999-இல்தான் மூடியது. எங்கேயோ பாறைக்கு வெடி வைத்தால் எங்கள் மெஸ் டின் (முகாம் சாப்பாட்டுத் தகரப் பாத்திரம்) அதிரும். சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் ஜோகூர் கடற்பாலம் கட்ட இங்கிருந்தும் கருங்கல் போனது என்று ஆசிரியர் சொன்னார். அப்பாவோடு அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அதிர்வு ஞாபகம் வரும்.

குளிக்கக் கிணறு. குழாயைத் திருகியே பழகிய பிள்ளைகள் நாங்கள். வாளியை இறக்கினால் தண்ணீர்மேல் தக்கை மாதிரி மிதக்கிறது, இழுத்தால் காலியாக வருகிறது. நாலைந்து தடவை இழுத்தும் முகம் கழுவக்கூடத் தண்ணீர் தேறவில்லை. பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தவர், வந்து என் கைமேல் தன் கையை வைத்தார். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, மணிக்கட்டை ஒரு சுண்டு. வாளி சாய்ந்தது, ‘களுக்’கென்று வாய்நிறையக் குடித்தது, கயிறு விறைத்தது. ‘அப்படித்தான்’ என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு முகாமில் பாதிப் பேருக்கு நான்தான் தண்ணீர் இறைத்தேன்.

இருட்டைக் கேட்டிருந்தீர்கள். ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்தியதும் அழுதேன். எங்கள் புளோக்கில் தாழ்வாரத்து விளக்கு விடிய விடிய எரியும். என் கையே எனக்குத் தெரியாத இருட்டை அதுவரை பார்த்ததில்லை. பக்கத்தில் படுத்திருந்த பெண் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவளோடு நான் பேசியதுகூட இல்லை. இன்றும் தீபாவளிக்கு முதல் ஆளாக வீட்டுக்கு வருபவள் அவள்தான்.

சரி, பையில் கொசு மருந்து, முழுக்கைச் சட்டை, டார்ச், காலுறை இரண்டு ஜோடி கூடுதலாக. போதும்.

வீட்டுக்குத் திரும்பினபோது உள்ளங்கை முழுக்கக் கயிற்றுத் தடம். அம்மா திட்டப்போகிறார் என்று ஒளித்து வைத்திருந்தேன். சாப்பிடும்போது பார்த்துவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் கல்யாணம் ஆகும்வரை கிணற்றில் இறைத்தவர். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்: “வாளியைச் சாய்க்க வந்துச்சா?”

அன்புடன்,
அக்கா