டவுட்ஃபுல் சவுண்ட்: கேள்வி பதில்

கேள்வி: நியூசிலாந்தின் இந்தக் கடற்கழிக்கு 'ஐயத்துக்குரியது' என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

பதில்: 1770-இல் தென் தீவின் தென்மேற்குக் கரையோரம் வந்த ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக், இதன் வாய் வரை வந்தும் உள்ளே நுழையவில்லை. செங்குத்தான மலைகளுக்கு நடுவே உள்ள வழி என்பதால், உள்ளே போன பாய்மரக் கப்பலுக்கு வெளியேற உகந்த காற்று எப்போது கிடைக்குமோ என்ற ஐயத்தில், 'ஐயத்துக்குரிய துறைமுகம்' என்று குறித்துவிட்டு நகர்ந்தார். 1793-இல் மலாஸ்பினாவின் ஸ்பானியக் குழுவினர் படகில் நுழைந்து வரைபடம் வரைந்தனர். அக்குழுவின் வரைபடக்காரர் பௌசாவின் பெயர் கொண்ட பௌசா தீவு, அவர்கள் விட்டுச் சென்ற தடம். மாவோரி மொழியில் இது பாட்டேயா. உண்மையில் 'சவுண்ட்' என்பதும் பொருந்தாது. ஆற்றுப் பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால்தான் அந்தப் பெயர். இதுவோ பனியாறு குடைந்த ஃபியோர்டு.

கேள்வி: எவ்வளவு பெரியது?

பதில்: நீளம் சுமார் 40 கிலோமீட்டர், மிக ஆழமான இடம் 421 மீட்டர்.

கேள்வி: ஆழ்கடலில் வாழும் கறுப்புப் பவளத்தை இங்கே பத்து மீட்டர் ஆழத்திலேயே பார்க்கலாமாமே?

பதில்: பார்க்கலாம், அதற்குக் காரணம் மழை. டாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைகளில் மோதி ஆண்டுக்குப் பல ஆயிரம் மில்லிமீட்டர் மழையைக் கொட்டுகிறது. அந்த நீர் காட்டின் இலைச்சருகுகளின் ஊடே வடிந்து, அவற்றின் துவர்ப்புச் சாயம் ஏறி, பால் கலக்காத தேநீரின் நிறத்தில் கழியில் சேர்கிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் மேலே ஓர் ஏடுபோல மிதக்கிறது. கழியின் உட்கோடியில் படகோரம் கையை நனைத்து நாவில் வைத்தால் உப்பு அவ்வளவாகக் கரிக்காது. அந்த ஏடு வெளிச்சத்தை மறைப்பதால் கீழே கடற்பாசிகள் செழிப்பதில்லை. இருளுக்குப் பழகிய உயிர்கள் மேலேறி வந்து இடம் பிடித்துக்கொள்கின்றன. பெயர்தான் கறுப்புப் பவளம். மரம்போல் கிளைத்த உயிருள்ள பவளம் வெள்ளையாகவே தெரியும், உள்ளிருக்கும் எலும்புக்கூடுதான் கறுப்பு. அதன் கிளைகளைப் பகலில் இறுகச் சுற்றிக்கிடக்கும், நட்சத்திரமீனின் உறவான பாம்பு நட்சத்திரங்கள், இரவில் கைகளை அவிழ்த்து இரை தேடும்.

கேள்வி: அப்படியானால் மனிதக் கை படாத இடம் எனலாமா?

பதில்: நான் தயங்குவேன். பக்கத்து மானப்பூரி ஏரியின் நீர், மலைக்கு அடியில் உள்ள மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, சுரங்கம் வழியே 1969 முதல் இக்கழியின் உட்கோடியான 'டீப் கோவ்' என்னும் இடத்தில் வந்து விழுகிறது. ஆகவே அங்குள்ள நன்னீர் ஏடு முழுக்க மழை தந்ததன்று.

கேள்வி: டால்பின், பென்குவின் உண்டா?

பதில்: உலகில் மிகத் தெற்கே நிரந்தரமாக வாழும் பாட்டில்மூக்கு டால்பின் கூட்டங்களுள் ஒன்று இங்கே உள்ளது; குளிரைத் தாங்கப் பருத்த உடல். டவாக்கி என்னும் கொண்டைப் பென்குவின், மழைக்காட்டினுள் மரவேர்களுக்கு அடியில் கூடு கட்டும். பனிக்கட்டிமேல் நிற்கும் பென்குவினையே படங்களில் கண்டவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அதன் முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் எமன், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஸ்டோட் என்னும் கீரி போன்ற விலங்கு.

கேள்வி: போவது எப்படி?

பதில்: மானப்பூரி ஏரியைப் படகில் கடந்து, வில்மட் கணவாய்ச் சாலையில் பேருந்தேறி, மறுபடியும் படகு. மணல் ஈக்கள் பிடுங்கும். முழுக்கைச் சட்டை அவசியம். மழை என்று பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்: அன்றுதான் மலைச்சுவர் எங்கும் அருவிகள் இறங்கும், ஓரிரு நாள் வெயிலில் பெரும்பாலானவை மறைந்துவிடும்.